முழங்கையில் சிக்கும் நரம்பு: இருநூறு ஆண்டு மருத்துவ வரலாறு

அல்னார் நரம்பு கழுத்தின் அடிப்பகுதியில் புறப்பட்டு, அக்குளைக் கடந்து, மேற்கையின் உட்புறமாக இறங்கிச் சுண்டுவிரலில் முடிகிறது. வழியில் பெரும்பகுதி தசைகளுக்கு நடுவே பத்திரமாக ஓடும் இந்த நரம்பு, முழங்கையின் உட்புறம் துருத்தியிருக்கும் எலும்பு முண்டுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் மட்டும் ஏறக்குறைய வெளியே வந்துவிடுகிறது. அங்கே அதற்குக் காப்பாக இருப்பவை தோலும் சிறிது கொழுப்பும்தான். கதவு நிலையில் முழங்கை இடிபட்டால் சுண்டுவிரல் வரை கரண்ட் அடித்ததுபோல் ஒரு வெட்டு ஓடுவது இதனால்தான். பள்ளத்தைத் தாண்டியதும் நரம்பு, முன்கைத் தசை ஒன்றின் இரு தலைகளுக்கு நடுவே கட்டியிருக்கும் நார்ப்பட்டையின் அடியில் நுழைகிறது. பள்ளமும் பட்டையும் சேர்ந்த இந்தக் குறுகிய வழிக்குக் கியூபிட்டல் டனல் என்று பெயர். நரம்பு அங்கே நெரிபட்டால் சுண்டுவிரலும் மோதிரவிரலின் பாதியும் மரத்துப்போகும். நாளடைவில் கையின் பிடி தளரும். மணிக்கட்டில் வரும் கார்ப்பல் டனல் நோய்க்கு அடுத்தபடியாகக் கையில் அதிகம் காணப்படும் நரம்பு நெரிசல் இதுவே.

இந்த நெரிசலுக்கான காரணத்தை மருத்துவர்கள் முதலில் நரம்பிலேயே தேடினார்கள், பிறகு எலும்பில் தேடினார்கள், அதன்பின் நார்ப்பட்டையில், கடைசியாகக் கை மடங்கும் அசைவில். காரணம் துலங்கத் துலங்க அறுவையும் சிறிதாகிக்கொண்டே வந்தது. நரம்பையே வெட்டிவிடுவதில் தொடங்கிய சிகிச்சை, தொடக்க நிலையில் உள்ள பலருக்குக் கத்தியே வேண்டாம் என்ற இடத்துக்கு வந்திருக்கிறது.

விரலில் தொல்லை, வேர் வேறிடத்தில்

நோய் தெரியும் இடமும் நோய் இருக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதற்குப் பழைய சான்று, கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோமில் மருத்துவம் பார்த்த கேலனின் எழுத்தில் கிடைக்கிறது. சிரியாவிலிருந்து வந்த பவுசானியஸ் என்ற சொற்பொழிவாளருக்குச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் நடுவிரலில் பாதியும் உணர்விழந்திருந்தன. மற்ற மருத்துவர்கள் விரல்களுக்கே மருந்து போட்டுக்கொண்டிருந்தார்கள், பலனில்லை. முன்பு எங்காவது அடிபட்டதுண்டா என்று கேலன் விசாரித்தபோது, வண்டியிலிருந்து விழுந்து முதுகின் மேற்பகுதி கல்லில் மோதிய செய்தி வெளிவந்தது. மருந்தை விரலிலிருந்து எடுத்துவிட்டு, கழுத்துக்குக் கீழே முதுகில் போடச் சொன்னார் கேலன். நோயாளி தேறினார். பவுசானியஸின் கோளாறு முழங்கையில் இருக்கவில்லை, நரம்பின் வேரில் இருந்தது. ஆயினும், சுண்டுவிரல் மரத்துப்போனவரைப் பார்க்கும் மருத்துவர் கழுத்து, அக்குள், முழங்கை, மணிக்கட்டு என்று வரிசையாகத் தேட வேண்டும் என்ற பாடம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

அந்தத் தேடலுக்கு உடலமைப்பே தடயங்களைத் தருகிறது. மணிக்கட்டை எட்டுவதற்குச் சில சென்டிமீட்டர் முன்பே அல்னார் நரம்பிலிருந்து ஒரு கிளை பிரிந்து, புறங்கையின் சுண்டுவிரல் பக்கத்துக்குப் போகிறது. ஆகவே புறங்கையும் சேர்ந்து மரத்திருந்தால் கோளாறு மணிக்கட்டில் இருக்க முடியாது. அதற்கு மேலேதான் எங்கோ இருக்கிறது. மரப்பு மணிக்கட்டு ரேகையைத் தாண்டி முன்கையின் உட்புறத்திலும் ஏறியிருந்தால், முழங்கையை விட்டுக் கழுத்துப் பக்கம் பார்க்க வேண்டும். அந்தத் தோலுக்கு உணர்வு தருவது வேறொரு நரம்பு. மோதிரவிரலில் சுண்டுவிரலை ஒட்டிய பாதி மரத்து, நடுவிரலை ஒட்டிய பாதி சரியாக இருப்பது அல்னார் நரம்புக்கே உரிய அடையாளம். கழுத்து வேரில் கோளாறு என்றால் விரல் இப்படிப் பாதியாகப் பிரிவது அரிது.

நரம்பை வெட்டிய காலம்

முழங்கை அருகே அல்னார் நரம்பில் நோய்க்காகச் செய்யப்பட்ட முதல் அறுவையாக மருத்துவ வரலாற்றாசிரியர்கள் காட்டுவது, லண்டன் அறுவை மருத்துவர் ஹென்றி ஏர்ல் 1816இல் பதிவுசெய்த நிகழ்வு. நோயாளி 14 வயதுச் சிறுமி. கையில் தாங்க முடியாத வலி. ஏர்ல் முழங்கைக்குச் சற்று மேலே நரம்பைக் குறுக்கே வெட்டிவிட்டார். ஈதர் மயக்கம் 1846இல்தான் வந்தது என்பதால் அறுவை நடந்தது நோயாளி விழித்திருக்கும்போதே. வலி நின்றது; கூடவே சுண்டுவிரலின் உணர்வும் போயிற்று. இந்த நிகழ்வை ஏர்ல் எழுதியது நரம்பு நெரிசல் பற்றிய கட்டுரையில் அல்ல. உடல் வெப்பத்தை நரம்பு மண்டலம் எப்படி ஆள்கிறது என்பதை ஆராயும் கட்டுரையில். நரம்பு எங்கே, எதனால் அழுத்தப்படுகிறது என்ற கேள்வியே அன்று எழவில்லை. வலிக்கும் நரம்பே நோய், அதை நீக்குவதே தீர்வு என்பதுதான் அன்றைய கணக்கு.

நரம்பு செயலிழந்தால் கைக்கு என்ன ஆகும் என்பதை விளக்கியவர் பிரான்சின் மருத்துவர் துஷேன். மின்சாரத்தால் தசைகளை ஒவ்வொன்றாகத் தூண்டிப் பார்த்த அவர், 1867இல் வெளியிட்ட உடலசைவுகள் பற்றிய நூலில் உள்ளங்கையின் சிறு தசைகளுடைய வேலையைத் தெளிவாக்கினார். விரலின் அடி மூட்டை மடக்குவதும், அதே நேரத்தில் மேலிரு மூட்டுகளை நீட்டுவதும் அந்தத் தசைகளே. அவற்றில் பெரும்பாலானவற்றை இயக்குவது அல்னார் நரம்பு. அது கெட்டால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் அடி மூட்டில் பின்னுக்குச் சாய்ந்து, நுனியில் உள்ளே மடங்கிக்கொள்கின்றன. பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள சதை வற்றி, புறங்கையில் குழி விழுகிறது.

இதில் விந்தையான ஒரு நுணுக்கம் உண்டு. நரம்பு மணிக்கட்டில் கெட்டால் விரல்கள் நன்றாக மடங்கிக்கொள்ளும். முழங்கையில் கெட்டால் மடக்கம் குறைவாகவே தெரியும். விரல் நுனியை மடக்கும் முன்கைத் தசையும் சேர்ந்து தளர்ந்துவிடுவதே காரணம். நரம்பு குணமாகத் தொடங்கும்போது அந்தத் தசை முதலில் உயிர்பெறும் என்பதால், கை சில காலம் முன்பைவிட மோசமாகத் தோன்றும்.

எலும்பைச் சந்தேகித்த காலம்

1878இல் பாரிசில் ஃபோட்டினோஸ் பனாஸ் எழுதிய கட்டுரை தேடலை எலும்பின் பக்கம் திருப்பியது. கிரேக்கத் தீவான கெஃபலோனியாவில் பிறந்து, பின்னாளில் கண் மருத்துவத்தில் பெரும்பெயர் பெற்ற பனாஸ், சிறுவயதில் முழங்கை முறிந்தவர்களுக்கு ஆண்டுகள் பல கழித்து அல்னார் நரம்பு செயலிழப்பதைக் கவனித்தார். முறிவு ஆறிவிட்டது, அடிபட்டதே மறந்துவிட்டது, அதன்பிறகு கை மெல்ல வலுவிழக்கிறது. மூட்டுத் தேய்மானத்தாலும் இதே நிலை வரலாம் என்று அவர் காட்டினார். பிற்கால நூல்கள் இதைத் தாமத அல்னார் வாதம் என்று குறித்தன.

தாமதத்துக்கான காரணம் எலும்பின் வளர்ச்சியில் இருக்கிறது. குழந்தைகளுக்கு முழங்கையின் வெளிப்புறக் கணு முறிந்து சரியாகச் சேராமல் போனால், அந்தப் பக்கத்து வளர்ச்சி பின்தங்கும். உட்புறம் தொடர்ந்து வளரும். முன்கை வெளிப்பக்கமாகக் கோணும். உட்புறத்தில் ஓடும் நரம்பு ஒவ்வொரு மடக்கிலும் சற்றே அதிகமாக இழுபடும். அந்த இழுபாடு பத்து, இருபது ஆண்டுகள் சேர்ந்த பிறகே விரல் மரக்கத் தொடங்குகிறது.

கோணல்தான் குற்றம் என்றால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எலும்பை வெட்டி நேராக்குவது. பாரிசின் ஆல்பர்ட் மூஷே போன்றவர்கள் இதைச் செய்தார்கள். மற்றொன்று, எலும்பை விட்டுவிட்டு நரம்பை இடம் மாற்றுவது. 1898இல் நியூயார்க்கின் பெஞ்சமின் ஃபார்குவர் கர்ட்டிஸ் நரம்பைப் பள்ளத்திலிருந்து எடுத்து, எலும்பு முண்டுக்கு முன்புறம் தோலடிக் கொழுப்பில் வைத்தார். மூட்டு மடங்கும் அச்சுக்குப் பின்னால் ஓடிய நரம்பு முன்னால் வந்துவிட்டால், கை மடங்கும்போது இழுபடுவதற்குப் பதிலாகத் தளர்கிறது. கருத்து எளிது, பலனும் பலருக்குக் கிடைத்தது. அடுத்த அறுபது ஆண்டுகளுக்கு இதுவே முதன்மையான அறுவை.

பிறகு வந்தவர்கள் நரம்பை எங்கே வைப்பது என்பதிலேயே கருத்து வேறுபட்டார்கள். தோலடியில் வைத்தால் மறுபடி இடிபடும் என்று சிலர் அதைத் தசைக்குள் பதித்தார்கள். தசைக்குள் வைத்தால் தழும்பு இறுக்கும் என்று வேறு சிலர் எதிர்த்தார்கள். 1942இல் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் லியர்மன்த், முன்கைத் தசைகளை எலும்பிலிருந்து கழற்றி, நரம்பை அவற்றின் அடியில் வைத்து, மீண்டும் தைக்கும் முறையை விவரித்தார். ஆழமான, பாதுகாப்பான இடம். அதற்கேற்பப் பெரிய அறுவை. 1950இல் ஆஸ்திரேலியாவின் கிங், மார்கன் இருவரும் நரம்பை விட்டுவிட்டு, துருத்தி நிற்கும் எலும்பு முண்டையே சீவி எடுத்தார்கள். அதே ஆண்டில் மக்கோவன் வகுத்த மூன்று படிநிலைகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. மரப்பும் கூச்சமும் மட்டும் இருப்பது முதல் நிலை. தசை வலுவிழப்பது இரண்டாம் நிலை. தசை வற்றிக் கை செயலிழப்பது மூன்றாம் நிலை.

போர்க்காலம் தந்த சோதனைகள்

முதல் உலகப் போரில் கைகால் நரம்புகளில் குண்டுக் காயம் பட்ட வீரர்கள் ஆயிரக்கணக்கில் மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். கருவி எதுவும் இல்லாமல் படுக்கையருகே நின்றே எந்த நரம்பு கெட்டது என்று கண்டுபிடிக்க வேண்டிய தேவை பிறந்தது. 1915இல் பிரெஞ்சு நரம்பியலாளர் ழூல் ஃப்ரோமான் வெளியிட்ட சோதனைக்கு ஒரு செய்தித்தாள் போதும். நோயாளி அதைப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே இரு கைகளாலும் பிடித்து இழுக்க வேண்டும். நலமான கையில் பெருவிரல் நேராக நின்று பக்கவாட்டில் அழுத்தும். அந்த அழுத்தத்தைத் தரும் தசை அல்னார் நரம்பைச் சேர்ந்தது. அது தளர்ந்த கையில் தாள் நழுவப் பார்க்கும். உடனே பெருவிரலின் நுனி மூட்டு தானாக மடங்கித் தாளைக் கவ்வும். நுனியை மடக்கும் தசைக்கு வேறு நரம்பு என்பதால் அது உதவிக்கு வருகிறது. நோயாளி அறியாமலே நடக்கும் இந்த மாற்றத்தை மறைக்கவோ நடிக்கவோ முடியாது.

அதே 1915இல் ஜெர்மனியின் பால் ஹாஃப்மனும் பிரான்சின் ழூல் டினெலும் தனித்தனியே மற்றொரு குறியை விவரித்தார்கள். காயம்பட்டு மீண்டும் வளர்ந்துவரும் நரம்பைத் தட்டினால் விரல்களில் கூச்சம் ஓடும். பின்னர் இதே தட்டல் நெரிசல் நோய்களைக் கண்டறியவும் பயன்பட்டது. முழங்கைப் பள்ளத்தில் மெல்லத் தட்டிச் சுண்டுவிரலில் கூச்சம் வருகிறதா என்று பார்ப்பது இன்று வழக்கமான முதல் சோதனை. நலமானவர்களிடமும் சிலவேளை அது வரும் என்பதால், இரு கைகளையும் ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும். 1939இல் ராபர்ட் வார்ட்டன்பெர்க் குறித்த அடையாளம் நோயாளிகளே முதலில் கவனிப்பது: சுண்டுவிரல் மற்ற விரல்களோடு சேராமல் விலகி நிற்கும், சட்டைப் பையில் கை விடும்போது வெளியே மாட்டிக்கொள்ளும்.

பட்டையில் கிடைத்த விடை

கோணல் கொள்கையில் ஒரு ஓட்டை இருந்தது. முழங்கையில் அடியே படாத, எலும்பு நேராக உள்ள பலருக்கும் இந்த நோய் வந்தது. 1922இல் லண்டனில் ஃபார்குவர் பஸ்ஸர்ட் அப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி எழுதி, நரம்பை இடம் மாற்றாமல் அழுத்தத்தை மட்டும் நீக்கிய அனுபவத்தையும் பதிவுசெய்தார். 1926இல் மான்செஸ்டரின் ஹாரி பிளாட் பள்ளத்தில் நரம்பு பாதிக்கப்படும் விதங்களை வகைப்படுத்தினார். ஆனால் அழுத்துவது எது என்பது உறுதியாகவில்லை.

விடை 1957இல் லிவர்பூலிலிருந்து வந்தது. எலும்பு அறுவை மருத்துவர் ஜெஃப்ரி ஆஸ்போர்ன், நரம்பு முன்கைக்குள் நுழையும் வாசலில் குறுக்கே கிடக்கும் நார்ப்பட்டையைச் சுட்டிக்காட்டினார். கை நீட்டியிருக்கும்போது பட்டை தளர்ந்திருக்கிறது. மடக்கினால் விறைத்து நரம்பின்மேல் இறங்குகிறது. அதை மட்டும் வெட்டிவிட்டால், இடமாற்றத்துக்குச் சமமான பலன் கிடைக்கிறது என்றார். இன்றும் அந்தப் பட்டை அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. மறு ஆண்டே கனடாவின் வில்லியம் ஃபைண்டலும் ஜோசஃப் ஸ்ட்ராட்ஃபோர்டும் இதே முடிவுக்கு வந்தார்கள். கியூபிட்டல் டனல் என்ற பெயர் நிலைத்தது அவர்கள் கட்டுரையால்தான்.

பெரிய அறுவைக்குப் பதிலாகச் சிறு கீறலும் ஒரு பட்டையின் வெட்டும் போதும் என்ற செய்தியை எல்லோரும் உடனே ஏற்கவில்லை. நரம்பு நெரிபடக்கூடிய இடம் ஒன்றல்ல என்பது எதிர்வாதம். முழங்கைக்கு ஏறத்தாழ 8 செ.மீ. மேலே, மேற்கைத் தசைகளைப் பிரிக்கும் தடுப்பிலும் நரம்பு உரசலாம். பட்டைக்குக் கீழே தசையின் உள்ளுறையிலும் இறுகலாம். நரம்பை முன்னே கொண்டுவரும்போது இந்த மேல், கீழ் இடங்களை விடுவிக்காமல் விட்டால் அங்கே புதிய மடிப்பு விழும். முதல் அறுவை தோற்று மறுபடி வந்த நோயாளிகள் பலரிடம் இதையே மருத்துவர்கள் கண்டார்கள்.

மின்சாரம் காட்டிய இடம்

நரம்பில் செய்தி ஓடும் வேகத்தை அளக்க முடியும் என்பதை 1850இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பில் காட்டியிருந்தார். நூறு ஆண்டு கழித்துதான் அது நோயாளிகளுக்குப் பயன்பட்டது. 1948இல் ஹோட்ஸும் அவரது குழுவினரும் மனிதர்களின் கைகால் நரம்புகளில் வேகத்தை அளந்தார்கள். 1956இல் ஜான் சிம்சன் நெரிசல் நோய்களில் மின்குறிகளை விவரித்தார். 1960இல் லண்டனின் கில்லியாட்டும் தாமஸும் அல்னார் நரம்பின் வேகம் முழங்கையைக் கடக்கும்போது மட்டும் குறைவதை ஆராய்ந்து வெளியிட்டார்கள்.

மருத்துவமனைகளில் என்.சி.எஸ். (நரம்புக் கடத்தல் சோதனை) என்று எழுதித்தரப்படுவது இதுவே. முழங்கையைச் செங்கோணத்துக்கு அருகே மடக்கி வைத்து, அதற்கு மேலும் கீழும் தோலின்மேல் சிறு மின்துடிப்பு கொடுத்து, சுண்டுவிரல் பக்கத்துச் சதையில் வரும் அசைவைப் பதிவுசெய்கிறார்கள். நலமான நரம்பில் வேகம் வினாடிக்கு 50 மீட்டருக்கு மேல் இருக்கும். முழங்கைப் பகுதியில் அது கீழே இறங்கி, முன்கையில் சரியாக இருந்தால் நெரிசலின் இடம் உறுதியாகிறது. கை நீட்டியபடி அளந்தால் நரம்பு பள்ளத்தில் தளர்ந்து கிடப்பதால் நீளம் குறைவாகக் கணக்காகி, வேகம் பொய்யாகக் குறைந்து தெரியும். மடக்கி அளப்பதற்கு அதுவே காரணம். அண்மைக் காலத்தில் அல்ட்ராசவுண்டும் துணைக்கு வந்திருக்கிறது. நெரிபட்ட நரம்பு சற்று மேலே வீங்கியிருப்பதையும், மடக்கும்போது பள்ளத்தை விட்டு வழுகுவதையும் திரையிலேயே பார்க்க முடிகிறது. வழுகுவது எல்லாம் நோயல்ல. 1956இல் சைல்ட்ரஸ் 2,000 முழங்கைகளைச் சோதித்து 16 சதவீதத்தில் நரம்பு வழுகுவதைக் கண்டார்.

செங்கல்பட்டும் வேலூரும்

அல்னார் நரம்பின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கு ஒரு தனி இடம் உண்டு. அது நெரிசல் வழியாக வரவில்லை, தொழுநோய் வழியாக வந்தது. தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளில் பெருகுவது. தோலுக்கு அருகே ஓடும் அல்னார் நரம்பின் முழங்கைப் பகுதி அதற்கு ஏற்ற இடம். தொழுநோயில் அதிகம் தாக்கப்படும் பெரிய நரம்பும் இதுவே. முழங்கைக்குச் சற்று மேலே நரம்பைத் தடவி, தடித்திருக்கிறதா என்று பார்ப்பது தொழுநோய்ப் பணியாளர்கள் முதலில் கற்கும் பாடங்களில் ஒன்று.

கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேனின் அழைப்பில் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, விரல்கள் மடங்கிய ஒருவரிடம் தன் கையைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடி எதிர்பாராத வலுவோடு இருந்தது. நகங்கள் பிராண்டின் தோலில் பதிந்தன. செத்துப்போனதாகக் கருதப்பட்ட கையில் முன்கைத் தசைகள் உயிரோடுதான் இருக்கின்றன, உள்ளங்கையின் சிறு தசைகளே போய்விட்டன என்பது அவருக்கு விளங்கியது. வலுவுள்ள தசைநாண் ஒன்றைப் பிரித்து விரலின் பக்கவாட்டில் கொண்டுபோய்ப் பொருத்தினால், இழந்த தசையின் வேலையை அது செய்யும். போலியோவுக்கும் நரம்புக் காயத்துக்கும் செய்யப்பட்டுவந்த இந்த முறையை, 1940களின் இறுதியிலிருந்து வேலூரில் தொழுநோயாளிகளுக்குத் தொடர்ந்து செய்தார்கள். 1952இல் லண்டனின் ராயல் அறுவை மருத்துவக் கல்லூரியில் பிராண்ட் ஆற்றிய ஹன்டேரியன் உரை இந்த அனுபவத்தைப் பற்றியது. 1955இல் வேலூர் அருகே கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது.

விரல்கள் குறுகுவது நோயால் அழுகி அல்ல, உணர்வில்லாத கையில் படும் சூடும் காயமும் கவனிக்கப்படாமல் போவதால்தான் என்பதும் அங்கே உறுதிப்பட்ட உண்மை. முழங்கை நெரிசலில் சுண்டுவிரல் மரத்தவர்களுக்கும் அது பொருந்தும். அடுப்படியிலும் பட்டறையிலும் சுட்டுக்கொண்டது தெரியாமல் போகும். தொழுநோயில் நரம்பு செயலிழந்து ஆறு மாதத்துக்குள் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினால் மீளும் வாய்ப்பு உண்டு. ஆகவே நம் நாட்டில் அல்னார் நரம்பு தடித்திருப்பவரிடம், நெரிசல் என்று முடிவுகட்டும் முன் உணர்வற்ற தேமல் எங்காவது இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம்.

மடங்கும் கையே காரணம்

1960களிலிருந்து நடந்த உடற்கூற்று ஆய்வுகள் ஆஸ்போர்ன் சொன்னதை அளந்து காட்டின. முழங்கை ஒவ்வொரு 45 பாகை மடங்கும்போதும் பட்டையின் இரு முனைகள் 5 மி.மீ. விலகுகின்றன. வட்டமாக இருந்த வழி தட்டையாகிறது. 1973இல் ஆப்ஃபெல்பெர்க், லார்சன் இருவரும் அதன் கொள்ளளவு 55 சதவீதம் வரை குறைவதாகக் கணக்கிட்டார்கள். உள்ளே அழுத்தம் ஏறுகிறது, நரம்பும் இழுபடுகிறது. அதற்கு ரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்கள் நசுங்குகின்றன. சில நிமிடங்கள் என்றால் கூச்சத்தோடு தீரும். மணிக்கணக்கில் நீடித்தால் நரம்பின் உறை கெடும்.

பலருக்குத் தொல்லை விடியற்காலையில் தொடங்குவது இதனால்தான். கையை மடக்கிக் கன்னத்தடியில் வைத்துத் தூங்குபவர்கள் விரல் மரத்துப்போய் விழித்துக்கொள்கிறார்கள். செல்போனைக் காதில் வைத்து நெடுநேரம் பேசுவது, லாரி ஜன்னல் விளிம்பிலும் நாற்காலிக் கைப்பிடியிலும் முழங்கையை ஊன்றுவது ஆகியவை பகலில் அதே வேலையைச் செய்கின்றன. முழங்கையை முழுதும் மடக்கிச் சிறிது நேரம் வைத்துச் சுண்டுவிரலில் கூச்சம் வருகிறதா என்று பார்க்கும் சோதனை 1988இல் பதிவானது. மருத்துவர் செய்வதை நோயாளி வீட்டிலேயே செய்துபார்த்துவிடலாம்.

மருத்துவமனையிலும் இந்த நரம்பு பாதிக்கப்படுவதுண்டு. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மயக்கமருந்து பெற்ற 11 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 1994இல் வெளியான ஆய்வு, 414 பேருக்கு நீடித்த அல்னார் பாதிப்பைக் கண்டது. மிக மெலிந்தவர்களுக்கும் மிகப் பருத்தவர்களுக்கும் நெடுநாள் படுக்கையில் இருந்தவர்களுக்கும் அது அதிகம். அறுவை மேசையில் முழங்கைக்கு அடியில் பஞ்சுத் திண்டு வைப்பது இதைத் தவிர்க்கத்தான்.

எந்த அறுவை மேல்?

எந்த அறுவை சிறந்தது என்ற வாதம் நூறாண்டுக்கு மேல் அனுபவத்தின் பேரிலேயே நடந்தது. 2005இல் நெதர்லாந்தின் ரொனால்ட் பார்ட்டெல்ஸும் அவரது குழுவினரும் 152 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குப் பட்டையை மட்டும் வெட்டினார்கள். மறுபாதிக்கு நரம்பை முன்னே மாற்றினார்கள். பலன் இரண்டிலும் ஏறக்குறைய சமம். சிக்கல்களோ முதல் பிரிவில் 9.6 சதவீதம், இரண்டாவதில் 31.1 சதவீதம். அதே காலத்தில் வந்த வேறு சில ஆய்வுகளும் பலனில் பெரிய வேறுபாட்டைக் காட்டவில்லை. எலும்பு கோணலாகாத, நரம்பு வழுகாத நோயாளிக்குப் பட்டையை வெட்டுவதே முதல் தெரிவாக மாறியது. நரம்பு முண்டைத் தாண்டி வழுகி வலித்தால், கோணல் இருந்தால், முதல் அறுவை பலனளிக்காவிட்டால் இடமாற்றம் இன்றும் தேவைப்படுகிறது.

அறுவையே இல்லாத வழியும் சோதிக்கப்பட்டது. 2009இல் சுவீடனில் ஸ்வெர்ன்லோவ் தலைமையில் வெளியான ஆய்வில் மிதமான நோயுள்ள 70 பேர் மூன்று பிரிவானார்கள். ஒரு பிரிவுக்கு இரவில் முழங்கை மடங்காதபடி கட்டும் ஸ்பிளின்ட், ஒரு பிரிவுக்கு நரம்பை நகர்த்தும் பயிற்சிகள், ஒரு பிரிவுக்கு எதைத் தவிர்க்க வேண்டும் என்ற விளக்கம் மட்டும். ஆறு மாதத்துக்குப் பின் வந்த 57 பேரில் 51 பேருக்கு முன்னேற்றம். மூன்று பிரிவுக்கும் இடையே வேறுபாடு இல்லை. முழங்கையில் ஸ்டீராய்டு ஊசி போடுவது வெறும் ஊசியைவிடக் கூடுதல் பலன் தரவில்லை என்று 2015இல் வெளியான ஆய்வு காட்டியது.

இன்றைய அணுகுமுறை

மரப்பும் கூச்சமும் வந்து போகும் நிலையில், முழங்கையை ஊன்றாமலும் நெடுநேரம் மடக்காமலும் இருப்பதே சிகிச்சை. இரவில் முழங்கையைச் சுற்றித் தடித்த துண்டு ஒன்றைத் தளர்வாகச் சுற்றிக்கொண்டால் கை முழுதும் மடங்காது. செல்போனுக்கு இயர்போன், மேசை வேலைக்குக் கைத்தாங்கலில் மெத்தை, வண்டியில் ஜன்னல் விளிம்பைத் தவிர்ப்பது ஆகியவை பகல் நேரத்துக்கு. மூன்று முதல் ஆறு மாதம் வரை இதைக் கடைப்பிடித்துப் பார்க்கலாம். சர்க்கரை நோய் இருந்தால் அதைக் கட்டுப்படுத்த வேண்டும். அது நரம்பை எளிதில் பாதிப்புக்கு ஆளாக்குவது.

மரப்பு இடைவிடாமல் நிலைத்துவிட்டாலோ, சட்டைப் பொத்தான் மாட்டுவது, சாவி திருப்புவது போன்றவை கடினமானாலோ, பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே சதை வற்றத் தொடங்கினாலோ காத்திருக்கக் கூடாது. கையைப் பார்ப்பது, என்.சி.எஸ். சோதனை, தேவைப்பட்டால் அல்ட்ராசவுண்டு, கழுத்து எம்.ஆர்.ஐ. என்ற வரிசையில் இடத்தை உறுதிசெய்து அறுவை முடிவாகும். கையை மட்டும் மரக்கச் செய்து, சில சென்டிமீட்டர் கீறலில் பட்டையை வெட்டுவது பெரும்பாலும் அன்றே வீடு திரும்பும் அறுவை. கீறலின் குறுக்கே ஓடும் சிறு தோல் நரம்புகளைக் காப்பதே அறுவையில் முக்கியக் கவனம். அவை வெட்டுப்பட்டால் தழும்பு நெடுநாள் வலிக்கும். சில நாட்களிலேயே முழங்கையை அசைக்கத் தொடங்கச் சொல்வார்கள். அசையாமல் வைத்தால் நரம்பு தழும்பில் ஒட்டிக்கொள்ளும்.

தாமதத்தின் விலை நரம்பின் வளர்ச்சி வேகத்தில் இருக்கிறது. உள்ளே அறுந்துபோன இழைகள் நாளுக்கு ஒரு மி.மீ. அளவில்தான் மீண்டும் வளர்கின்றன. முழங்கையிலிருந்து உள்ளங்கைத் தசைக்கு 25 முதல் 30 செ.மீ. தூரம் என்றால், நரம்பு போய்ச்சேர ஓராண்டுக்கு அருகில் ஆகும். தொடர்பற்றுக் கிடக்கும் தசை ஒன்று, ஒன்றரை ஆண்டுக்குமேல் தாங்காது. அதன்பின் நரம்பு வந்தாலும் ஏற்காது. வலியும் கூச்சமும் அறுவைக்குப்பின் விரைவில் குறைவதும், வற்றிய சதை பெரும்பாலும் திரும்பாததும் இந்தக் கணக்கால்தான். இந்த இடைவெளியைக் குறைக்க, முன்கையில் அருகே ஓடும் வேறொரு நரம்பின் கிளையை அல்னார் நரம்பின் பக்கவாட்டில் மணிக்கட்டுக்கு அருகே இணைக்கும் முறையை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் சூசன் மெக்கின்னன் குழுவினர் 2012இல் வெளியிட்டார்கள். கடுமையாகப் பாதிக்கப்பட்ட கைகளில் பட்டையை வெட்டுவதோடு இதையும் சேர்த்துச் செய்கிறார்கள். அதற்கும் காலம் தாழ்ந்த கைகளுக்கு, தசைநாணை மாற்றிப் பொருத்தும் அறுவையே வழி.